பனி பூட்டிய கால்வாய்

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு தொடங்கிப் புத்தாண்டு கழிந்து பள்ளி திறக்கும்வரை நீளும் இரண்டு வார விடுமுறையை, கால்வாய்ப் படகொன்றில் குடும்பத்தோடு தங்கிக் கழிப்பது இங்கிலாந்தில் இன்று ஒருவர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளக்கூடிய ஒன்று. ஆனால் அந்தப் படகின் வடிவமும் அது மிதக்கும் நீர்வழியும் எவருடைய விருப்பத்தின்பேரிலும் உண்டானவை அல்ல. 'நேரோபோட்' எனப்படும் அந்த ஒடுக்கப் படகின் அகலம் ஏழடிக்கும் ஓரிரு அங்குலம் குறைவு. நீளம் எழுபதடிவரை செல்லும். வொர்ஸ்லியின் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுசெல்வதற்காக 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் பொறியாளரான ஜேம்ஸ் பிரிண்ட்லி, தாம் அடுத்து வடிவமைத்த நீண்ட கால்வாய்களில், மேடு பள்ளமான நிலத்தில் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றவும் இறக்கவும் இரு முனையிலும் கதவிட்டுக் கட்டும் 'லாக்' என்னும் மடைத்தொட்டிகளை ஏழடிக்குச் சற்றே மிகுந்த அகலத்தில் அமைத்தார். ஒடுங்கிய தொட்டிக்குச் செங்கல் குறைவாகப் போதும்; ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கீழே வடிந்து போகும் நீரும் குறையும். சிக்கனத்திலிருந்து பிறந்த அந்த அளவு நாட்டின் பல கால்வாய்களின் அளவாக நிலைத்துவிட்டது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் விடுமுறைக்கு வரும் குழந்தை தன் இரு கைகளையும் விரித்து வீட்டின் இரு சுவர்களையும் கிட்டத்தட்டத் தொட்டுவிட முடிவதற்குக் காரணம் அதுவே.

குளிர்காலத்தில் இவ்வீட்டில் வாழ்வது என்பது, தரையிலுள்ள வீடு குழாய்க்குள்ளும் கம்பிக்குள்ளும் மறைத்துவைத்திருக்கும் ஒவ்வொரு வசதியையும் கையால் எடுத்து, தூக்கி, ஊற்றி, அள்ளி அறிவதாகும். தண்ணீர் படகின் முகப்பிலுள்ள தொட்டியில் சில நூறு லிட்டர் அளவே இருக்கும். அது தீர்ந்தால் கரையோரக் குழாய் உள்ள இடம்வரை படகையே ஓட்டிச் சென்று நிரப்ப வேண்டும், அந்தக் குழாய் உறைந்துபோயிருந்தால் அடுத்த குழாயைத் தேட வேண்டும். கழிவு, இருக்கைக்கு அடியில் செருகியிருக்கும் இருபது லிட்டர் அளவுள்ள பெட்டியில் சேரும். அதை வெளியே இழுத்து, சேறு படிந்த கரைப்பாதையில் சுமந்து அல்லது தள்ளிச் சென்று, அதற்கென அமைந்த இடத்தில் கொட்டிக் கழுவிக்கொண்டு வர வேண்டும். மின்சாரம் மின்கலங்களில் சேமித்த அளவுதான்: எட்டு மணிக்கு மேல் எழுந்து நான்கு மணிக்குள் மறையும் டிசம்பர் வெயிலில் கூரைமேலுள்ள சூரியத் தகடுகள் பெயரளவுக்கே பயன்படும் என்பதால் நாள்தோறும் சில மணி நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும், அதையும் அண்டைப் படகுகளின் உறக்கம் கெடாதவாறு இரவு எட்டுக்கும் காலை எட்டுக்கும் இடையே செய்யக் கூடாது. இவை எதையும் பெருந்துன்பம் என்று சொல்ல முடியாது. ஆயினும், ஒரு குடும்பம் ஒரு நாளில் எவ்வளவு நீரைச் செலவழிக்கிறது, எவ்வளவு அழுக்கை உண்டாக்குகிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தை எடையாகவே உணர்ந்துகொள்ளும் இடம் இன்றைய உலகில் அதிகமில்லை.

வெப்பத்தின் கணக்கு இவற்றினும் நுட்பமானது. இரும்புத்தகட்டாலான படகின் அடிப்பகுதி, உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள நீரில் இரவும் பகலும் அமிழ்ந்திருக்கிறது. முன்னறையில் நிலக்கரிக் கட்டிகளோ விறகோ எரியும் சிறிய இரும்பு அடுப்பிலிருந்து எழும் வெப்பம் நேரே கூரைக்கு ஏறித் தங்கிவிடுகிறது. எனவே தலை வியர்க்கும்போது பாதம் விறைக்கும். அடுப்பருகே சட்டையைத் தளர்த்துபவர் பின்னறைப் படுக்கைக்குப் போகும்போது கம்பளிக்குமேல் கம்பளி போர்த்துவார். நான்கு பேர் விடும் மூச்சும் கெட்டிலின் ஆவியும் காயப்போட்ட ஈரத்துணியும் சேர்ந்து காற்றை நிறைக்க, அந்த ஈரம் சன்னல் கண்ணாடியிலும் குளிர்ந்த இரும்பிலும் நீர்த்துளிகளாகப் படிந்து வழியும். அதைத் தவிர்க்கக் காற்றுத் துளைகளைத் திறந்துவைக்க வேண்டும். திறந்தால் குளிர் புகும். ஆனால் குளிருக்கு அஞ்சி அத்துளைகளைத் துணிகொண்டு அடைப்பது உயிருக்கே கேடு, ஏனெனில் அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாத நஞ்சு. 2019 ஏப்ரல் முதல் படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இரவில் படுக்குமுன் அடுப்பில் கரியை நிறைத்து, காற்று வழியைக் குறுக்கி, விடியும்வரை கங்கு அணையாமல் காப்பது தனிக் கலை. அது கைவந்த குடும்பம் காலையில் சாம்பலைக் கிளறியதும் சிவப்பு தெரியும்; கைவராத குடும்பம் தன் மூச்சே புகையாகத் தெரியும் அறையில் எழுந்து தீக்குச்சியைத் தேடும்.

இந்த அறிவு முழுவதும் ஒரு காலத்தில் ஒரு மக்கள்கூட்டத்தின் அன்றாட அறிவாக இருந்தது. 1830களுக்குப் பிறகு ரயில் பாதைகள் பெருகி, கால்வாய்ச் சரக்குக் கட்டணத்தை அவை கீழே தள்ளியபோது, கரையில் வாடகை வீடு வைத்துக்கொண்டு கூலியாள் ஒருவரையும் அமர்த்திப் படகோட்டுவது பல படகோட்டிகளுக்குக் கட்டுப்படியாகாமல் போயிற்று. வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியும் மக்களும் படகில் ஏறினார்கள். வாடகை மிச்சமாயிற்று, கூலியில்லாமல் உழைக்கும் கைகளும் கிடைத்தன. முன்பும் சில குடும்பங்கள் படகில் வாழ்ந்ததுண்டு. அது பரவலான வாழ்க்கைமுறையானது இந்த நெருக்கடிக்குப் பின்னரே. அவர்களுடைய குடியிருப்பு படகின் பின்கோடியில் ஏறக்குறைய பத்தடி நீளமே கொண்ட ஓர் அறை. மீதி நீளம் முழுதும் சரக்குக்கு உரியது. அறை ஓரடி நீண்டால் சுமை குறையும், சுமை குறைந்தால் வருமானம் குறையும். ஒரு குதிரை இழுத்துச் செல்லும் இருபத்தைந்து முப்பது டன் நிலக்கரிக்குப் பின்னால், தாயும் தந்தையும் மூன்று நான்கு குழந்தைகளும் அந்தப் பத்தடிக்குள் சமைத்தார்கள், உறங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள்.

அவ்வறையின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்து உள்ளே இறங்கும் படியே கரிப்பெட்டி. இடப்பக்கம் சமையலுக்கும் கணப்புக்கும் ஒன்றான அடுப்பு. அதையடுத்து ஓர் அலமாரி. அதன் கதவைக் கீழ்நோக்கித் திறந்தால் அதுவே உணவு மேசை. அதற்கும் அப்பால் மற்றோர் அலமாரி. அதன் கதவை அறையின் குறுக்கே இறக்கினால் கணவன் மனைவிக்கான படுக்கை. எதிர்ப்புறம் நீண்ட பெட்டியொன்று பகலில் அமர்வதற்கும் இரவில் பிள்ளைகள் படுப்பதற்கும் ஆனது. ஒரு வேலைக்கு மட்டுமே பயன்படும் பொருள் என்று எதுவும் அங்கே இல்லை. கதவுகளிலும் தண்ணீர்க் குடங்களிலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் தீட்டப்பட்டிருக்கும். சரிகைபோல் விளிம்பு துளையிட்ட தட்டுகள் சுவரில் தொங்கும். பித்தளைக் குமிழ்கள் துலக்கத் துலக்க மின்னும். மீஷம் வழியாகச் செல்லும் படகுப் பெண்கள் விரும்பி வாங்கியதால் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்பட்ட பழுப்புநிறத் தேநீர்க் குடுவை அலமாரியில் இருக்கும். இந்த அலங்காரம் எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் பலவாறு கூறியுள்ளனர். வீடு என்று சொல்லிக்கொள்ளப் பத்தடி மட்டுமே எஞ்சிய ஒருத்தி அந்தப் பத்தடியில் ஓர் அங்குலத்தையும் வெறுமையாக விட மறுத்தாள் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இன்றைய விடுமுறைப் படகுகளில் சரக்கு நின்ற இடம் முழுதும் அறைகளாகிவிட்டது; மடக்கு மேசை, இருக்கையே கட்டிலாவது, படியே பெட்டியாவது ஆகியவை மட்டும் அப்படியே தொடர்கின்றன. அவற்றைப் பார்த்து மகிழ்பவர்கள் அந்தத் திறமை எந்த நெருக்கடியில் உருவானது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இம்மக்களை அரசின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித். சிறுவயதில் செங்கற்சூளையில் உழைத்து வளர்ந்த அவர், முதலில் சூளைக் குழந்தைகளுக்காகவும் பிறகு கால்வாய்க் குழந்தைகளுக்காகவும் போராடினார். படகு மக்களைக் குடிகாரர்களாகவும் ஒழுக்கமற்றவர்களாகவும் அவர் தீட்டிய சித்திரம் மிகையானது. அம்மக்கள் அதனால் புண்பட்டார்கள், அப்பழி அவர்களை நெடுங்காலம் தொடர்ந்தது. எனினும் அவருடைய முயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது. குடியிருக்கும் படகுகள் ஒவ்வொன்றும் ஓர் ஊரில் பதிவு செய்யப்பட வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 60 கன அடி, குழந்தைக்கு 40 கன அடி என்று அறைக்குள் காற்று இருந்தாக வேண்டும். 60 கன அடி என்பது ஐந்தடி நீளமும் நான்கடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு பெட்டி. அந்த அளவே சீர்திருத்தமாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன்பிருந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

1877 என்ற ஆண்டு தமிழ் வாசகருக்கு முதலில் நினைவூட்டுவது தாது வருடப் பஞ்சத்தை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் படகுக் குழந்தைகளின் மூச்சுக்காற்றை அளந்த அதே காலத்தில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்த மக்கள் தோண்டினார்கள். அக்கால்வாய்க்குப் பெயர் தந்த ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன், இந்தியாவுக்கு வருமுன், 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தவர். அதாவது, இங்கிலாந்தின் கால்வாய்க் குடும்பங்களைக் கரையிலிருந்து படகுக்குள் தள்ளிய ரயில் போட்டியில் முன்னணியில் நின்ற ஒரு நிறுவனத்தை நடத்தியவர். இரண்டு கால்வாய்களின் கதையும் ஒருவரிடம் வந்து சேர்வது வெறும் தற்செயலாக இருக்கலாம். குறிப்பிடாமல் கடந்துசெல்லத்தான் மனம் வரவில்லை.

கால்வாய்ப் படகுச் சட்டத்தின் மற்றொரு விதியே இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரே படகுக் குழந்தையின் ஊராகக் கருதப்படும். பள்ளிக் கடமையும் அங்கேயே. ஆனால் பதிவான ஊரில் படகு எத்தனை நாள் நிற்கும்? சரக்கு இறக்கி, சரக்கு ஏற்றி, உடனே புறப்பட்டாக வேண்டும். பயணத்துக்கும் எடைக்கும்தான் கூலியே தவிர நாளுக்கு இல்லை. குழந்தை ஒரு பள்ளியில் அரைநாள் உட்காரும், மறுநாள் முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளியில் மீண்டும் அகரத்திலிருந்து தொடங்கும். படகு சரக்குக்காகக் காத்துக் கிடந்த நாட்களிலும், கால்வாய் உறைந்து படகு அசைய முடியாமல் நின்ற நாட்களிலுமே தொடர்ந்து சில நாள் பள்ளிக்குப் போக வாய்த்தது. விடுமுறை என்ற சொல்லை அந்தக் குழந்தைகளின் வாழ்க்கைக்குப் பொருத்த முடியாது, ஏனெனில் விடுபடுவதற்கு முன்னதாக ஒன்றில் இருந்தாக வேண்டும். இன்று குளிர்கால விடுமுறைக்குப் படகேறும் குழந்தை பள்ளியிலிருந்து விடுபட்டு வருகிறது. அன்று அதே நீரில் வாழ்ந்த குழந்தைக்குக் குளிர்காலம்தான் பள்ளியைக் கொடுத்தது.

குழந்தைக்குப் பள்ளியைக் கொடுத்த அந்தப் பனியே தகப்பனின் கூலியைப் பறித்தது. கால்வாய் நீர் ஆற்றைப்போல் ஓடுவதில்லை, ஆழமும் குறைவு, ஆகவே கடுங்குளிரில் அது எளிதில் உறையும். வழியைத் திறந்துவைக்கக் கால்வாய் நிறுவனங்கள் பனி உடைக்கும் படகுகளை வைத்திருந்தன. இரும்புக் கவசமிட்ட சிறிய படகொன்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கும். ஆட்கள் இருவரிசையாக அதைப் பற்றி நின்று படகை இடமும் வலமும் ஆட்ட, கரையில் பல குதிரைகள் அதை இழுத்து ஓட, பனிப்பாளம் பிளந்து விலகும். அதற்கும் மசியாத அளவு பனி தடித்தபோது படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. சரக்கு போகாத நாளில் வருமானம் இல்லை. கையிருப்புத் தீர்ந்ததும் கடைக்காரரிடம் கடன், அதுவும் முடிந்தால் பசி. நார்த்தாம்டன்ஷயரின் ஸ்டோக் ப்ரூன் கிராமத்தில், தம் வீட்டிலேயே படகு மக்களுக்கு மருத்துவம் பார்த்து, அவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டிப் பதிலும் எழுதித் தந்த சிஸ்டர் மேரி வார்டு போன்ற ஓரிருவரைத் தவிர, கரையில் அவர்களுக்கென்று கதவு திறப்பவர் அதிகமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குள் லாரிகள் கால்வாயின் சரக்கை வெகுவாகப் பறித்துவிட்டன. 1939இல் 'க்ரெஸ்ஸி' என்ற பழைய படகைக் குடியிருக்கத் தக்கதாக்கி, மனைவியோடு அதில் பயணம் புறப்பட்ட எல். டி. சி. ரோல்ட் என்ற பொறியாளர், அந்த அனுபவத்தை 1944இல் 'நேரோ போட்' என்னும் நூலாக வெளியிட்டார். ராபர்ட் ஐக்மன் முதலியோருடன் சேர்ந்து 1946இல் அவர் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும் அந்த நூலும் இல்லாமல் போயிருந்தால் இன்று விடுமுறைக்குச் செல்லக் கால்வாய்களே எஞ்சியிருக்குமா என்பது ஐயம். வேலைப் படகுகளுக்கு முடிவு வேறு விதமாக வந்தது. 1962 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கிய குளிர் 1963 மார்ச் தொடக்கம்வரை விடவில்லை. ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மத்திய இங்கிலாந்தில் மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸாக இருந்தது, 1814க்குப் பின் அத்தனைக் குளிரான மாதம் வேறில்லை. வாரக்கணக்கில் படகுகள் பனிக்குள் நின்றன. காத்திருக்க முடியாத சரக்கு லாரிக்கு மாறியது. பனி உருகிய பின்னும் அதில் பெரும்பகுதி திரும்பவில்லை. கால்வாய்களைப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வாரியம் அவ்வாண்டே தன் சரக்குப் படகுத் தொழிலின் பெரும்பகுதியைக் கைவிட்டது. லண்டனையடுத்த சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற ஒப்பந்தம் 1970 அக்டோபரில் முடிந்தபோது, தொலைதூரச் சரக்குப் படகுக் குடும்பங்களின் காலமும் முடிந்தது. எந்தத் தொழிலாளியும் தன் தொழிலின் முடிவை இவ்வளவு அசையாமல் அமர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

இன்றைய விடுமுறைக் குடும்பத்துக்கு உறைந்த காலை ஒரு பரிசு. முளை அடித்துக் கட்டிய படகின் கயிறுகள் உறைந்து கம்பிபோல் நிற்கும். நீரின் அசைவு நின்றுவிடுவதால் படகின் சிறு ஆட்டமும் நின்று, மிதக்கும் வீடு அன்று தரைவீடு போலாகும். குழந்தைகள் எறியும் கல், பனிப்பரப்பில் வழுக்கிச் செல்லும்போது கம்பியை மீட்டியதுபோன்ற ஒலி நெடுந்தூரம் ஓடும். அப்போது படகை நகர்த்தாமல் இருப்பதே கால்வாய் மரபு, ஏனெனில் உடையும் பனியின் கூர்விளிம்புகள் அருகிலுள்ள மரப் படகுகளையும் கண்ணாடியிழைப் படகுகளையும் கீறிவிடும். கடக்க வேண்டிய மடைகள் சில மூடியும் இருக்கும்: நவம்பர் முதல் மார்ச் வரையே மடைகளை வற்றவைத்து, இருபத்தைந்து ஆண்டுகள்போல் உழைத்துத் தேய்ந்த ஓக் மரக் கதவுகளை மாற்றுகிறார்கள். இவ்வாறு எல்லாம் நின்றுபோன நாளில் குடும்பம் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. அந்த அமைதி உண்மையானது, குறைசொல்லத் தக்கதன்று. ஆனால் அது குளிர் கொடுத்த அமைதி அன்று; நின்றாலும் கூலி நிற்காத வாழ்க்கை கொடுத்தது.

அந்தப் படகுக்கு முன்னும் பின்னும் கட்டியிருக்கும் படகுகளில் விடுமுறைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். வீட்டு விலையும் வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போன லண்டன் போன்ற நகரங்களில், கணிசமானோருக்குப் படகே வீடு. அவர்களுள் நிலையான கட்டுமிடம் இல்லாதோர் 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிகள் சட்டப்படி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பொது இடம் ஒருசிலரால் அடைபடக் கூடாது என்ற நோக்கில் அவ்விதி சரியானதே. 14 நாள் அல்லது சூழ்நிலைக்கு நியாயமான அதைவிட நீண்ட காலம் என்று சட்டமே இடைவெளி விட்டும் வைத்திருக்கிறது. கால்வாய் உறைந்தால் அது நியாயமான காரணமாக ஏற்கப்படும். எஞ்சின் பழுதும் நோயும்கூட ஏற்கப்படும். குழந்தையின் பள்ளி அருகில் இருக்கிறது என்பது மட்டும் அவ்வாறு ஏற்கப்படுவதில்லை. நிற்காத ஊரில் பள்ளியை வைத்தது 1877இன் சட்டம். பள்ளி உள்ள ஊரில் நிற்கவிடாதது இன்றைய நடைமுறை. ஜனவரியில் விடுமுறைக் குடும்பம் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய பின், இருட்டில் எழுந்து, சேற்றுக் கரைப்பாதையில் நடந்து, பள்ளிக்குப் போகும் குழந்தைகள் அந்தக் கால்வாயில் மிஞ்சியிருக்கிறார்கள். சட்டத்தில் ஏற்கெனவே உள்ள 'நியாயமான நீண்ட காலம்' என்ற சொற்களுக்குள், குளிர்கால மாதங்களிலேனும் அவர்களுடைய பள்ளிக்கு இடம் தரப்பட வேண்டும்.